அட்டை பார்க்கப்படவில்லை

மூன்றாம் சுற்றில் துளசிமணி போனபோது
வலசில் அந்த வீட்டு வாசலெங்கும்
செருப்புகள் கூடுதலாய்க் கிடந்தன.
வண்டியை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டாள்.
கேட்கவேண்டிய கேள்விகள் பதினேழு.
பதினொன்றாவது: தடுப்பூசி அட்டை இருக்குதுங்களா?

"அதையுந் துணியோட சேத்தி
நொய்யல்ல உட்டுட்டோமுங்க,"
பையனின் அப்பா சொன்னார். பிறகு
தப்புச் செய்துவிட்டவர்போல,
"வேணும்னு தெரியாமப் போச்சுங்க அம்மிணி."

அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் என்ன நிறம்
என்று படிவத்தில் கேள்வி இல்லை.
துளசிமணி ஒன்பதை வட்டமிட்டாள்.
ஒன்பது என்றால்: அட்டை பார்க்கப்படவில்லை.

பெருந்துறையில், மின்விசிறி பாதி வேகத்தில் சுற்றும் அறையில்
அந்த ஒன்பது என் திரைக்கு வந்து சேர்ந்தது.
எனக்கு முன்பிருந்தவர் எழுதிய ஒற்றை வரி
ஒன்பதையெல்லாம் சுழியமாக்கிக்கொண்டிருந்தது.
சுழியம் என்றால்: போடவில்லை.

உயிரோடிருக்கும் பிள்ளையின் அட்டை
ரேஷன் கார்டோடு, எண்ணெய்க் கறையோடு,
பீரோவுக்குள் இருக்கும்; கேட்டால் வரும்.
இறந்த பிள்ளையின் அட்டை
பிள்ளையோடு போய்விடும்.
என் வரிக்கு இது தெரியாது.
ஆற்றோடு போனவனைத் தூக்கி
ஊசி போடாதவர்கள் பக்கம் உட்காரவைத்தது.
சாவெல்லாம் ஒரு பக்கம் சரிய
மறுபக்கம் மினுமினுத்தது.

தட்டம்மை ஊசி தட்டம்மையைத் தடுக்கும்;
அதில் எனக்கு ஐயமே இல்லை.
நாங்கள் கேட்டது வேறு:
சளிக்கும் பேதிக்கும்
பேர் தெரியாத காய்ச்சலுக்கும்கூட
அது ஒரு கை கொடுக்கிறதா?
சாவு பாதியாய்க் குறைகிறது என்றது முதல் அட்டவணை.
டாக்டர் இராக்கியண்ணன் மேசையைத் தட்டினார்:
"நல்லா வந்திருக்குதே!"

நல்லாத்தான் வந்திருந்தது.
அதுதான் உறுத்தியது.

நான்காம் சுற்றுக்கு நானும் போனேன்.
புதன்கிழமை. துணை சுகாதார நிலையம்.
செவிலியின் புறங்கை ஒவ்வொரு நெற்றியாய்த் தொட்டது.
"காச்சல் அடிக்குதுங்க, அடுத்த வாரம் கூட்டியாங்க."
ஒரு தாய் திரும்பிப் போனாள்,
வெயிலில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு.
அடுத்த புதனுக்குள் ஏதாவது ஆனால்
அந்தக் கணக்கு யார் பக்கம்?
வரிசையில் நின்றதெல்லாம் ஏற்கெனவே தேறிய பிள்ளைகள்;
ஒருநாள் தறிக்கூலியை விட முடிந்த வீடுகள்.

மில் குடியிருப்பில் ஒடிசாக்காரர்கள் அறைகள் ஆறு,
ஆறிலும் பூட்டு.
சுகத்தோடு போனார்களா, சுகமில்லாமல் போனார்களா
என்று பூட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

திரும்பி வந்து அந்த வரியை அழித்தேன்.
முந்தின சுற்றில் கண்ணால் கண்டது மட்டும் கணக்கு.
பின்னால் தெரிந்ததை முன்னால் கொண்டுபோய் நுழைக்காதே.
இரண்டு ராத்திரி ஓடியது.
பாதி என்றிருந்தது நூற்றுக்குப் பதினொன்றாய்ச் சுருங்கியது;
அதுவும் இருபக்கமும் அகலமாய் விரிந்து,
நடுவே எங்கோ, காலை நீட்டிக்கொண்டு,
"ஒன்றுமே இல்லை" என்பதும் உட்கார்ந்திருந்தது.

"இத வெச்சு என்னத்தைங்க எழுதறது?"
இராக்கியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.
தெரியலைன்னு எழுதலாமுங்க, என்றேன்.
எழுதினோம்.

அந்தப் பையனின் பெயர் எனக்கு வராது, எண் மட்டும்தான்.
இரண்டாம் சுற்றில் அவனுக்கு எட்டு மாதம்.
அதற்குப் பிறகு எத்தனையோ புதன்கிழமைகள்.
அவன் கட்டத்தில் இப்போது
ஒன்றும் இல்லை, சுழியமும் இல்லை.

ஐந்தாம் சுற்றுக்கான கூட்டத்தில்
துளசிமணி கை தூக்கினாள்:
"பதினொன்னாவது கேள்விய மொதல்ல வெச்சுக்கலாமுங்க.
அட்டையப் போன்ல படம் புடிச்சுக்கறேன்,
இருக்கறப்பவே."

சொல்லிவிட்டு, எது இருக்கும்போது என்பதை
அவளே ஒருமுறை நினைத்துப் பார்த்தவள்போல
டீ கிளாஸைப் பார்த்தாள்.

இப்போது எனக்குப் படங்கள் வருகின்றன.
வெயில் பட்டு வெளுத்த அட்டைகள்,
ஓரத்தில் பிடித்திருக்கும் ஒரு தாயின் கட்டைவிரல்,
சில படங்களில், அட்டையைப் பறிக்க வரும்
இன்னொரு சின்னக் கை.